மலையகத்தில் சின்னப் பிள்ளை வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கிளினிக் வரிசையிலும் பிள்ளை மடுவத்து (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையம்) வாசலிலும் வருகிற கேள்விகள். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "தோட்டத்துப் பிள்ளைகள் இப்படித்தான், சின்னதாகத்தான் இருக்கும்" என்று நாமே சொல்லிக்கொள்வதை நிறுத்த வேண்டும். கீழே உள்ள கேள்விகளில் பாதி அந்த எண்ணத்திலிருந்து வருபவைதான்.

பிள்ளைக்கு நிறை குறைவு என்று மிட்வைஃப் சொல்கிறார். நானும் வீட்டுக்காரரும் ஒல்லிதான். பரம்பரைதானே?

பெற்றோரின் உயரத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் முதல் ஐந்து வருடத்தில் அது பெரிய பங்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளுக்காக இந்தியா, பிரேசில், கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்தார்கள். தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான சூழலும் கிடைத்த பிள்ளைகள் எந்த நாட்டில் பிறந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வளர்ந்தார்கள். அப்படியானால் நம் பிள்ளை குட்டையாக இருப்பதற்கு இரத்தத்தை மட்டும் காரணம் காட்டிவிட்டுப் போக முடியாது.

இலங்கையில் 2016இல் எடுத்த குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம். தோட்டப்புறத்தில் 31.7 வீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தாயின் இரத்தச்சோகை, குறைந்த நிறையோடு பிறப்பது, அடிக்கடி வரும் வயிற்றோட்டம், மாச்சாப்பாட்டிலேயே வயிறு நிறைவது என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. இவற்றில் சிலவற்றை வீட்டிலேயே மாற்றலாம்.

கிளினிக் புத்தகத்தில் உள்ள வளர்ச்சிப் படத்தை நீங்களும் பாருங்கள். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. இன்று எத்தனை கிலோ என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். சின்னப் பிள்ளையாக இருந்தாலும் கோடு மேலே ஏறிக்கொண்டே இருந்தால் நல்லது. இரண்டு மாதம் படுத்த மாதிரி ஓடினால் அடுத்த கிளினிக்வரை காத்திருக்காமல் மிட்வைஃபிடம் பேசுங்கள். இரண்டு வயதுவரை மாதாமாதம் நிறை பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போகிறதே என்று கிளினிக்கை விடுபவர்களின் கஷ்டம் தெரியும். அம்மாவால் முடியாவிட்டால் அப்பாயியோ (அப்பாவின் அம்மா) சித்தியோ தூக்கிக்கொண்டு போகலாம்.

ஆறு மாதம் முடிந்ததும் என்ன கொடுக்க வேண்டும்?

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீரோ, வசம்போ, கோரோசனையோ, தேனோ வேண்டாம். தேனை ஒரு வயது முடியும்வரை கொடுக்கவே கூடாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமியைக் கைக்குழந்தையின் குடல் தாங்காது.

ஆறு மாதம் முடிந்ததும் குழைந்த சோறும் பருப்பும் மசித்துத் தொடங்குங்கள். ஒரு வாரம் போனதும் முட்டை, மீன், கோழி ஈரல் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். முட்டை கொடுக்க ஒரு வயது ஆக வேண்டும் என்று பல வீடுகளில் காத்திருக்கிறார்கள், அதற்கு அவசியமே இல்லை. நெத்தலியை நன்றாகக் கழுவி உப்புப் போக ஊறவைத்து, வறுத்து, தூளாக்கி வைத்துக்கொண்டால் சோற்றில் ஒரு கரண்டி போடலாம். கரட், உருளைக்கிழங்கு, கீரை நம் கொல்லையிலேயே இருக்கின்றன. சோற்றுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயோ கெட்டித் தேங்காய்ப்பாலோ ஊற்றுங்கள். சின்ன வயிறு கொஞ்சம்தான் கொள்ளும், அந்தக் கொஞ்சத்தில் சத்து இருக்க வேண்டும்.

சாப்பாடு தண்ணியாக இருந்தால் வயிறு நிறையும், பிள்ளை வளராது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம்தான் சரி.

காலையில் ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கிறோம். அது பரவாயில்லையா?

நிறுத்திவிடுங்கள். தேயிலையில் உள்ள சாயப்பொருள் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சீனி பல்லைக் கெடுத்துப் பசியையும் கொன்றுவிடும். தேயிலையிலேயே வாழ்கிற சனம் நாம், பிள்ளை கோப்பையைப் பார்த்துக் கை நீட்டுவது இயல்பு. ஆறிய சுடுதண்ணியை அதே மாதிரிக் கோப்பையில் கொடுத்துப் பழக்குங்கள். ரொட்டியைப் பருப்புக் கறியில் தோய்த்துக் கொடுக்கலாம்.

கிளினிக்கில் திரிபோஷ (சத்துமா) கிடைக்கிறது. வீட்டில் மற்றப் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

கேட்கத்தான் செய்வார்கள், உருண்டை பிடித்தால் வாசமே ஆளை இழுக்கும். ஆனால் அந்தப் பைக்கற் நிறை ஏறாத பிள்ளைக்கு மாதக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது. நாலு பேர் பங்கு போட்டால் யாருக்கும் பலன் இல்லை. மற்றவர்களுக்குக் கடலையோ பயறோ அவித்துக் கொடுத்துச் சமாளியுங்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கிடைக்கிற பைக்கற்றை அவரேதான் சாப்பிட வேண்டும். இதை மாமியார்மார் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிரசவ விடுமுறை முடிந்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால் தாய்ப்பாலை நிறுத்தத்தான் வேண்டுமா?

வேண்டாம். சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1939இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி 84 நாள் விடுமுறை உண்டு. 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்று பார்த்து நாளைக் குறைக்க முடியாது. அதே சட்டத்தில் பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது: பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, ஒன்பது மணிநேர வேலைக்குள் இரண்டு தடவை பால் கொடுக்கப் போகலாம். வேலைத்தளத்தில் பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணிநேரத்துக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒரு மணிநேரத்துக்குக் குறையாமல். இது யாரும் இரக்கப்பட்டுத் தருவது இல்லை. கங்காணி முகம் சுளித்தால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள், தொழிற்சங்கத்தில் சொல்லுங்கள்.

மடுவம் தூரமாக இருந்தால் காலையில் பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் கழுவிய மூடியுள்ள பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகலாம். நிழலான இடத்தில் நாலு மணிநேரம் கெடாது. போத்தல் வேண்டாம், கோப்பையும் கரண்டியும் போதும். போத்தலின் சூப்பியைத் தோட்டத்து வீட்டில் ஒவ்வொரு முறையும் சரியாகச் சுத்தம் செய்வது லேசு இல்லை, வயிற்றோட்டம் அங்கிருந்துதான் தொடங்கும்.

பிள்ளை மடுவத்தில் விட்டால் அழுகிறது. அம்மாயியிடமே (அம்மாவின் அம்மா) விட்டுவிடலாமா?

முதல் இரண்டு வாரம் எல்லாப் பிள்ளையும் அழும். பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கூடவே கொடுத்துவிடுங்கள், அம்மாவின் வாசம் இருந்தால் கொஞ்சம் அடங்கும். சொல்லாமல் நழுவிப் போவது வேண்டாம். "அம்மா கொழுந்தை நிறை போட்டுவிட்டு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். புரியாது என்று நினைக்கிற வயதிலேயே பிள்ளைக்கு அது புரியத் தொடங்கும்.

அம்மாயி திடகாத்திரமாக இருந்து, பிள்ளையோடு பேசி விளையாடுபவராக இருந்தால் வீடும் நல்லதுதான். படுக்கையில் கிடக்கும் வயதானவரிடம் ஓடித் திரியும் ஒன்றரை வயதுப் பிள்ளையை விடுவது இருவருக்குமே ஆபத்து. இப்போது பல மடுவங்கள் பயிற்சி பெற்ற உத்தியோகத்தரோடு சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக நடக்கின்றன. உங்கள் டிவிஷனில் உள்ளதைப் போய்ப் பாருங்கள். தரையும் கழிப்பறையும் சுத்தமா, பகல் சாப்பாடு என்ன, பிள்ளைகள் விளையாடுகிறார்களா அல்லது சும்மா உட்காரவைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். குறை இருந்தால் அம்மாமார் சேர்ந்து போய்ப் பேசுங்கள்.

ஒரு வயது தாண்டிவிட்டது, இன்னும் நடக்கவில்லை. பக்கத்துக் காம்பரா (அறை) வீட்டுப் பிள்ளை பத்து மாதத்திலேயே நடந்துவிட்டது.

நடப்பதற்கு ஒரே நாள் என்று ஒன்று இல்லை. நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளே எட்டு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் தனியாக நடக்கிறார்கள். பிடிக்காமல் உட்காருவது நாலு மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள். சில பிள்ளைகள் தவழாமலே எழுந்து நடக்கும், அதுவும் கோளாறு இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டு உங்கள் பிள்ளை போன மாதம் செய்யாத எதை இந்த மாதம் செய்கிறது என்று பாருங்கள்.

ஒன்பது மாதம் கடந்தும் உட்காராவிட்டாலோ, பதினெட்டு மாதம் கடந்தும் நடக்காவிட்டாலோ, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பாவித்தாலோ, முன்பு செய்த ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டாலோ டொக்டரிடம் காட்டுங்கள். "அவன் அப்பாவும் பிந்தித்தான் நடந்தான்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் பல பிள்ளைகளுக்கு நல்ல முன்னேற்றம் வரும்.

லயத்தில் (வரிசை வீட்டில்) ஒரே காம்பரா, ஆறு பேர். தவழ இடமில்லை. வோக்கர் வாங்கலாமா?

வாங்காதீர்கள். வோக்கர் நடையைச் சீக்கிரப்படுத்தாது. நம் லயங்களில் வாசற்படியும் அதற்கு முன்னால் தண்ணீர் ஓடும் கானும் இருக்கின்றன, வோக்கரோடு உருண்டால் தலைதான் அடிபடும். அந்தக் காசுக்கு ஒரு தடித்த பாய் வாங்குங்கள். பகலில் எல்லாரும் வேலைக்குப் போனபின் கட்டில் ஓரமாகவோ இஸ்தோப்பிலோ (வெளித்திண்ணை) விரித்துப் பிள்ளையைக் குப்புறப் போட்டு, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு தகரக் கோப்பையை வையுங்கள். அதை எட்டப் பார்த்தே கழுத்தும் கையும் உரம் ஏறும். இஸ்தோப்பு வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை கட்டிவிட்டால் பயம் குறையும்.

இடம் சின்னதாக இருந்தால் ஆபத்தான பொருளும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். மண்ணெண்ணெயையும் புல்லுக்கு அடிக்கும் மருந்தையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து வேண்டாம். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மண்ணெண்ணெய் வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால் நிலைமை மோசமாகிவிடும். சுடுதண்ணி கொட்டினால் இருபது நிமிடம் பைப் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, முட்டை, தேயிலைத் தூள் எதுவும் பூச வேண்டாம்.

இரண்டு வயதாகப் போகிறது, சரியாகப் பேசவில்லை. போன் பார்த்தால் மட்டும் சிரிக்கிறான்.

முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? மாசியில் காமன் கூத்துக்குத் தப்புச் சத்தம் கேட்டதும் ஆடுகிறானா? பெரிய சத்தத்துக்கு மட்டும் திரும்பி, மெல்லப் பேசினால் கவனிக்காமல் இருந்தால் காதைப் பரிசோதிக்க வேண்டும். ஒரு வயதை ஒட்டி ஒன்றிரண்டு சொல்லும், இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்தும் வர வேண்டும். வரவில்லை என்றால் காட்டுங்கள்.

அப்புறம் போன். இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணிநேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, குறைத்தால் இன்னும் நல்லது. போன் பிள்ளைக்குப் பதில் சொல்லாது. பேச்சு வருவது பதிலுக்குப் பதில் பேசும்போதுதான். ரொட்டி தட்டிக்கொண்டே "இது மா, இது தேங்காய், தட்டு, தட்டு" என்று பேசலாம். அப்பாயிக்குத் தெரிந்த தாலாட்டும் கும்மிப் பாட்டும் இருக்கின்றன, அவை வாயோடு போய்விடாமல் பிள்ளையின் காதில் விழட்டும்.

வீட்டில் இங்கிலீஷ் பேசினால்தான் பள்ளியில் முன்னுக்கு வருவான் என்று சிலர் அரைகுறையாகப் பேசிப் பார்க்கிறார்கள். உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் நிறையப் பேசுங்கள். தமிழில் வளமாகப் பேசும் பிள்ளைக்குச் சிங்களமும் ஆங்கிலமும் பின்னால் ஏறும்.

குளிர் காலத்தில் எப்படிக் குளிக்க வைப்பது? இரவில் தணல் சட்டி வைக்கலாமா?

வெயில் ஏறியபின், பத்து மணிக்கு மேல், கதவைச் சாத்தி இளஞ்சூட்டுத் தண்ணீரில் சீக்கிரம் குளிக்கவைத்து உடனே துடைத்து விடுங்கள். மாரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் துடைத்துவிட்டாலும் போதும்.

தணல் சட்டி கூடவே கூடாது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் பனி உறையும் குளிருக்கு அது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மூடிய அறையில் கரி எரிந்தால் மணமும் நிறமும் இல்லாத கார்பன் மொனொக்சைட் நிறையும், தூக்கத்திலேயே உயிர் போகும். தொப்பியும் காலுறையும் போட்டு, இரண்டு மூன்று மெல்லிய உடுப்பு ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுங்கள். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, போர்வையை நெஞ்சுவரை மட்டும் இழுத்துவிடுங்கள், முகத்தை மூடாதீர்கள். விறகுப் புகை உள்ள குசினியில் பிள்ளையைத் தூங்கப் போடாதீர்கள். மாதாமாதம் சளி பிடிக்கும் பல பிள்ளைகளுக்கு அந்தப் புகையும் ஒரு காரணம்.

பெயர் வைப்பது, மொட்டை, காது குத்து, முதல் பிறந்தநாள்: எதை எப்போது?

பதினாறாம் நாள், முப்பதாம் நாள் என்று குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் வேறு, பெரியவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். மொட்டையும் காது குத்தும் தாய்மாமன் மடியில் நடப்பது நம் சனத்துக்குப் பெருமை, அதை விட வேண்டியதில்லை. கத்தியும் ஊசியும் புதிதாக இருக்கட்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

பிறந்தநாளுக்காக வட்டிக்குக் கடன் வாங்குவதைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. பந்தலும் பாட்டுப் பெட்டியும் ஒரு வயதுப் பிள்ளைக்கு நினைவில் நிற்காது, கடன் இரண்டு வருடம் நிற்கும். மாரியம்மன் கோவிலில் ஒரு பொங்கல், லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கேக். அது நிறைவான விழாதான்.

பிறப்புப் பதிவில் கவனிக்க வேண்டியது என்ன?

பிறந்து 42 நாளுக்குள் பதிவாளரிடம் அறிவிக்க வேண்டும். மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவாகி அலைச்சல் கூடும். பெயரின் எழுத்துத்தான் பெரிய பிரச்சினை. தமிழ் தெரியாத ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினால் தகப்பன் பெயர் ஓர் இடத்தில் ஒரு மாதிரி, இன்னோர் இடத்தில் வேறு மாதிரி ஆகிவிடும். அடையாள அட்டை, பரீட்சை, கடவுச்சீட்டு என்று பிள்ளை வளர வளர அது காலைச் சுற்றும். போவதற்கு முன்பே பிள்ளை, தாய், தகப்பன் பெயர்களைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். உங்கள் அடையாள அட்டையிலும் கலியாணப் பதிவிலும் உள்ளபடியே இருக்க வேண்டும். கையொப்பம் வைக்கும் முன் எழுத்து எழுத்தாகப் பாருங்கள், அவசரப்படுத்தினாலும் பாருங்கள்.

தடுப்பூசிகள் எந்த வயதில்?

பிறந்தவுடன் ஆஸ்பத்திரியிலேயே காசநோய்க்கான பி.சி.ஜி. பிறகு 2, 4, 6 மாதங்களில் ஊசியும் போலியோ மருந்தும். 9 மாதத்தில் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு), 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, 18 மாதம், 3 வயது, 5 வயதில் அடுத்த ஊசிகள். எல்லாம் இலவசம். ஊசி போட்ட இரவு காய்ச்சல் வருவது வழக்கமானது. லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம், அங்கே போய்க் கேட்டு முடிவெடுங்கள்.

அம்மா கொழும்பில் வீட்டு வேலை, நான் அப்பாயி. பிள்ளை என்னையே "அம்மா" என்கிறது.

கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், திட்டாதீர்கள். தாயின் போட்டோவைப் பிள்ளையின் உயரத்துக்கு ஒட்டி, தினமும் ஒரே நேரத்தில் வீடியோவில் பேசவையுங்கள். "சாப்பிட்டாயா" என்று மட்டும் கேட்காமல் தாய் ஒரு கதை சொல்லட்டும், ஒரு பாட்டுப் பாடட்டும். ஊருக்கு வரும்போது பிள்ளை முதலில் ஒதுங்கும். பொம்மையைக் காட்டி இழுக்காமல் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தானே வரும். உங்கள் கையொப்பம் செல்லாத காரியங்களுக்காகத் தாயிடம் கடிதம் ஒன்று வாங்கி, கிளினிக் புத்தகத்தோடும் பிறப்புச் சான்றிதழோடும் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பள்ளி, தரம் 1?

மூன்று வயதிலிருந்து முன்பள்ளி. அங்கே எழுத்தைவிட விளையாட்டும் பாட்டும் கூட்டாளிகளும்தான் தேவை, மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும் இடத்தை நான் விரும்ப மாட்டேன். விஜயதசமியில் ஏடு தொடக்கிவிட்டோம் என்பதற்காக மறுநாளே பென்சிலைத் திணிக்காதீர்கள். தரம் 1க்கு, சேரும் வருடம் ஜனவரி 31இல் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழும் ஊசி போட்ட பதிவும் இருப்பிட ஆதாரமும் கேட்பார்கள். லயத்து வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இல்லாததால் வாக்காளர் இடாப்பில் பெற்றோர் பெயர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கிராம சேவகரிடம் பார்த்துவிடுங்கள்.

இரவில் சுகமில்லாமல் போனால் எப்போது விடியும்வரை காத்திருக்கலாம்?

காய்ச்சல் இருந்தும் பால் குடித்து, கண் பார்த்துச் சிரிக்கும் பிள்ளையோடு காத்திருக்கலாம். வயிற்றோட்டம் என்றால் ஒரு லீற்றர் ஆறிய கொதிநீரில் ஜீவனி (உப்புச் சீனித் தூள்) ஒரு பைக்கற் முழுவதையும் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள், தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்ப முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ, குடிப்பதெல்லாம் வாந்தியாகப் போனாலோ, ஆறு ஏழு மணிநேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ காத்திருக்கக் கூடாது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்துக் கோவில் அல்லது பாலத்தின் பெயர், வண்டி எதுவரை ஏறும் என்பதைச் சொல்லுங்கள். மழையில் பாதை மோசமாக இருந்தால் தெரிந்த ஓட்டோக்காரரை எழுப்பி மெயின் ரோடுவரை இறங்கிவிடுங்கள், டோர்ச் லைட்டோடு ஒருவர் முன்னால் போய் நிற்கட்டும். கிளினிக் புத்தகத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.